மருந்துச் சீட்டில் மலர்ந்த கவிதை

கவிதை எழுத ஓய்வும் தனிமையும் வேண்டும். குடும்பமும் தொழிலும் உடையவர்க்கு அவை வாய்ப்பது ஏது என்று வினவுவோர் உண்டு. இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ்.

நியூ ஜெர்சி மாநிலத்தில் ருதர்ஃபோர்டு என்னும் சிற்றூரில் 1883-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் பிறந்தார். தந்தை ஆங்கிலேயர்; தாய் போர்ட்டோ ரீக்கோ தீவினர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1906-இல் பட்டம் பெற்றார். அங்கு அவருக்கு நண்பரான எஸ்ரா பவுண்டு, பின்னர் ஐரோப்பாவில் குடியேறிப் புகழ் பெற்ற கவிஞரானார். வில்லியம்ஸோ ஜெர்மனியில் குழந்தை மருத்துவம் கற்றபின், பிறந்த ஊருக்கே திரும்பினார். 1910 முதல் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அங்கு மருத்துவப் பணி புரிந்தார்.

அவரிடம் வந்தோரில் பலர் பிழைப்புத் தேடி இத்தாலி, போலந்து முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர். அவர் உதவியால் இவ்வுலகைக் கண்ட குழந்தைகள் 2,000-க்கும் மேல். ஒரு நோயாளி வெளியேறி மற்றொருவர் உள்ளே வருமுன் கிடைத்த சில நிமிடங்களில், மருந்துச் சீட்டின் மேல் அவர் கவிதை வரிகளைக் குறித்துக்கொள்வார். நோயாளியின் பேச்சைக் கூர்ந்து கேட்ட அதே செவிதான் அவருடைய கவிதைக்கும் ஓசை தந்தது.

1922-இல் டி. எஸ். எலியட்டின் 'பாழ்நிலம்' வெளிவந்தது. பழைய நூல்களின் எதிரொலி நிறைந்த அந்நெடுங்கவிதையை உலகம் வியந்தது, வில்லியம்ஸ் கலங்கினார். கவிதை மீண்டும் கல்விக்கூடத்துக்குள் அடைபட்டுவிடுமே என்பது அவரது கவலை. மறு ஆண்டே அவர் வெளியிட்ட நூலில் மழையில் நனைந்த ஒரு தள்ளுவண்டியைப் பற்றிய குறுங்கவிதை உண்டு. சொற்கள் பதினாறே! எளிய பொருளும் நின்று நோக்கத் தக்கதே என அது உணர்த்துகிறது. அருகிலிருந்த ஆலைநகரான பேட்டர்சனையும் அதன் நீர்வீழ்ச்சியையும் பாடிய நெடுங்காவியத்தை 1946 முதல் 1958 வரை ஐந்து பகுதிகளாக வெளியிட்டார்.

துன்பம் முதுமையில் வந்தது. 1951-இல் பக்கவாதம் தாக்கவே, மருத்துவப் பணியை மூத்த மகனிடம் ஒப்படைத்தார். 1952-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவரைக் கவிதை ஆலோசகராக நியமித்தது. ஆனால் அரசியல் ஐயங்கள் கிளப்பப்பட்டதால் அப்பதவியில் அவர் அமரவே இல்லை. உடலும் உள்ளமும் தளர்ந்தன. 1953-இல் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் தங்க நேர்ந்தது.

ஆயினும் எழுதுவதை அவர் விடவில்லை. தட்டச்சுப் பொறியில் ஒவ்வோர் எழுத்தாய்த் தேடித் தட்டினார். அவ்வாறு பிறந்தவற்றுள் தலையாயது, 1955-இல் வெளியான நூலில் தம் மனைவி புளோரன்ஸை நோக்கிப் பாடிய நீண்ட காதற் கவிதை. 1912-இல் மணம் முடித்த அவர்களது இல்லறம் பழுதற்றதன்று. வில்லியம்ஸ் மனைவிக்கு உண்மையாக இருக்கத் தவறியதுண்டு. அதை மறைக்காமல், மூப்பும் நோயும் சூழ்ந்த வேளையில், கவிதையிலேயே அவரிடம் மன்னிப்பு வேண்டினார்.

1963-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள் தம் ஊரிலேயே கண்மூடினார். அவரது இறுதி நூலுக்குப் புலிட்சர் பரிசு அறிவிக்கப்பட்டது அதன் பின்னரே.

ஆயிரக்கணக்கான பிறர் குழந்தைகளைக் கையில் ஏந்தியவர் அவர். தள்ளுவண்டியையும் கூர்ந்து நோக்கியவர். தம் வீட்டிலேயே இருந்தவரின் உள்ளத்தை நோக்கி அவர் திரும்ப 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அன்பர்களே, காலம் கடந்தாலும் கேட்கப்படும் மன்னிப்பு உயர்ந்ததே. எனினும், காத்திருக்க வேண்டுவதில்லை. அதை இன்றே நம் இல்லத்தில் கேட்கலாம் அல்லவா?