முதலில் நிற்கட்டும்; பிறகு மின்னட்டும்

“இந்த ஓட்டை வண்டிய வித்துட்டுப் புதுசா ஒன்னு எடுங்கப்பா.”

பாரிட் புந்தாரில் பழைய பிக்-அப் நிற்கும் வீடுகளில் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் வாசகம் இது. நானும் சொன்னவள்தான். இன்று அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்காக, என் அப்பா வழக்கமாகச் சொன்ன பதிலையும் நான் ஏற்றுக்கொண்டதாக நினைத்துவிட வேண்டாம். “அந்தக் காலத்து வண்டிம்மா. இரும்பு! ஒன்னும் ஆகாது” என்பது அவர் பதில். பழையது என்பதற்காகத் தூக்கியெறிவதும் தவறு. பழையது உறுதியானது என்று கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதும் தவறு. 1992ஆம் ஆண்டில் பதிவான எங்கள் டொயோட்டா ஹைலக்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்.

மூன்று மாநிலம், ஒரு வண்டி

‘பாரிட்’ என்றால் மலாய் மொழியில் வாய்க்கால். பெயருக்கேற்ற ஊர் இது. 1906இல் நிறைவடைந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டம், புக்கிட் மேரா அணையின் நீரை இவ்வட்டாரத்து வயல்களுக்குக் கொண்டுவந்தது. கரும்பு, ரப்பர், செம்பனை என்று பயிர் மாறிய தோட்டங்களில் நம்மவர்களும் தலைமுறைகளாக உழைத்தார்கள். கிரியான் ஆறுதான் இங்கே எல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேராக். அந்தப் பக்கம் கெடாவின் பண்டார் பாருவும் பினாங்கின் நிபோங் திபாலும்.

என் அப்பா தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறியதும் பட்டணத்துக்கு வந்து, புல் வெட்டும் குத்தகை எடுத்தார். காலையில் பேராக்கில் தேநீர் குடித்துவிட்டுக் கெடாவில் புல் வெட்டி, பினாங்கில் மதியச் சோறு சாப்பிடுகிற தொழில் அது. புல்வெட்டும் இயந்திரங்கள், பெட்ரோல் கலன், குப்பைப் பைகள், இரண்டு தொழிலாளர்கள் என எல்லாவற்றையும் சுமப்பது அந்த ஹைலக்ஸ்தான். வண்டி ஒரு நாள் படுத்தால் மூவருக்கு அன்றைய சம்பளம் இல்லை. புதிய பிக்-அப் ஒன்றின் விலையோ ஓர் இலட்சம் ரிங்கிட்டை ஒட்டி நிற்கிறது. ஒன்பது ஆண்டுத் தவணையில் எடுத்தால், கடன் முடியும்போது அப்பாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிடும். ஆகவே, பழைய வண்டியைப் புதுப்பிப்பது என்று முடிவு செய்தோம்.

எங்கே தவறினோம்?

கையிலிருந்த எட்டாயிரம் ரிங்கிட்டில் பாதிக்கு மேல் வர்ணத்துக்கும் புதிய ரிம்முக்கும் இருக்கை உறைக்கும் போனது. மீதியில் எஞ்சினைக் கொஞ்சம் பார்த்தார்கள். அந்த ஆலோசனையில் எனக்கும் பங்குண்டு. “வெள்ளை வேண்டாம்ப்பா, கருநீலம் அடிங்க” என்று நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான்.

வண்டி பட்டறையிலிருந்து வந்த அன்று தெருவே பார்த்தது. அடுத்த மாதம், பாலத்திலிருந்து இறங்கும் சரிவில், முன்னால் சிவப்பு விளக்குக்காக வண்டிகள் நின்றுகொண்டிருந்தபோது, பிரேக் மிதி அப்பாவின் காலுக்கடியில் தரைவரை இறங்கியது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கையும் இழுத்து, சாலையோரப் புல்லில் ஏற்றி நிறுத்தினார். எங்கள் வண்டிக்கு முன்னால் நின்றது ஒரு மோட்டார் சைக்கிள். அதில் ஓர் அம்மா, பின்னால் பள்ளிச்சீருடையில் ஒரு சிறுவன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால், அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை.

காரணம் எளிமையானது. பின்சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. முந்தைய உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் உர மூட்டை ஏற்றியவர். சிந்திய உரமும் மழைநீரும் சேர்ந்து இரும்பை வெளியிலிருந்து தின்றன. பிரேக் எண்ணெயோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. பல ஆண்டுகள் மாற்றாமல் விட்டால் குழாயை உள்ளிருந்து தின்னும். முன்சக்கரங்களுக்குத் தனிப் பாதை இருந்ததால்தான் அன்று வண்டி ஓரளவாவது நின்றது. குழாய்களை மாற்ற ஆன செலவு சில நூறு ரிங்கிட். ஒரு ரிம்மின் விலைகூட இல்லை.

2003இல் பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘டாப் கியர்’ நிகழ்ச்சியில், 1988ஆம் ஆண்டு ஹைலக்ஸ் ஒன்றைக் கடல்நீரில் மூழ்கடித்தார்கள். இடிக்கப்படும் அடுக்குமாடியின் உச்சியிலும் ஏற்றி வைத்தார்கள். அதன் பிறகும் அது கிளம்பியது. அதைச் சொல்லித்தான் பலர் இந்த வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று வாதிடுகிறார்கள். அந்த நிகழ்ச்சி காட்டியது வண்டி கிளம்பும் என்பதை மட்டுமே. பள்ளிக்குழந்தைக்கு முன்னால் அது நிற்குமா என்பதை யாரும் சோதிக்கவில்லை.

நான்கு கேள்விகள்

அதற்குப் பிறகு வண்டியைப் பார்த்தவர், ஒரு காலத்தில் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டரும் லோரியும் பழுதுபார்த்த ஒரு போமன். நாங்கள் அவரை மாமா என்போம். “வண்டிக்கிட்ட நாலு கேள்வி கேளும்மா. நிக்குமா? திரும்புமா? சூடேறாம இருக்குமா? கெளம்புமா? இந்த வரிசையிலதான் காசு செலவு பண்ணணும். அழகு அஞ்சாவது” என்றார். பொறியியல் படிக்கும் எனக்கு அவ்வளவு தெளிவாக அதை யாரும் சொன்னதில்லை.

நிற்குமா? குழாய், ரப்பர் ஹோஸ், மாஸ்டர் பம்பின் உள்ளிருக்கும் ரப்பர்கள் எல்லாம் மாற்றப்பட்டன. பிரேக் எண்ணெயை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று முடிவானது. பிக்-அப்பின் பின் அச்சருகே ஒரு சிறு வால்வு உண்டு. பாரம் ஏறும்போது பின்சக்கரப் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டுவதும், காலியாக ஓடும்போது குறைப்பதும் அதன் வேலை. எங்கள் வண்டியில் அது அசையாமல் இறுகிக் கிடந்தது.

திரும்புமா? ஸ்டீயரிங் மூட்டுகள், சக்கர பேரிங், பின் பட்டை ஸ்பிரிங்கின் புஷ்கள் ஆகியவை பார்க்கப்பட்டன. டயரும் இதில் சேரும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது என்று பொருள். புதிய ரிம்மில் மாட்டியிருந்த எங்கள் டயர்களின் எண்ணை அன்றுதான் முதன்முறையாகப் படித்தேன். பளபளவென்று இருந்த அவற்றின் வயது பதினொன்று!

சூடேறாமல் இருக்குமா? “வெயில் நாட்டுக்கு இது எதுக்கு?” என்று யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருந்தார்கள். இது நம் நாட்டில் பலரும் செய்யும் தவறு. எஞ்சின் தனக்குரிய வெப்பநிலையை எட்டாவிட்டால் டீசல் சரியாக எரியாது, தேய்மானமும் கூடும். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே துரு படிந்திருந்தது. இத்தகைய டீசல் எஞ்சின் ஒருமுறை கொதித்தால் சிலிண்டர் தலையில் வெடிப்பு விடக்கூடும். அப்போது நூறு ரிங்கிட் வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.

கிளம்புமா? பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் போகும் எர்த் கம்பிகளைச் சுத்தம் செய்ததுமே காலைநேரத் தகராறு பாதி தீர்ந்தது. டீசல் வடிகட்டியில் தேங்கிய நீரை வடித்தோம். இந்த 2.4 லிட்டர் எஞ்சினின் டைமிங் பெல்ட்டை ஒரு இலட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எங்களுடையது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. “குறிப்பு இல்லேன்னா மாத்தலன்னு அர்த்தம்” என்றார் மாமா. உடனே மாற்றினோம். அது அறுந்தால் எஞ்சினே போய்விடும்.

வேலை ஒரே நாளில் முடியவில்லை. கைக்குக் காசு வர வர, அந்த வரிசைப்படி, ஏழு மாதத்தில் முடிந்தது. முதல் கேள்விக்கு விடை கிடைக்கும்வரை வண்டி வீட்டைவிட்டு நகரவில்லை. அந்த நாள்களில் அப்பா நண்பரின் லோரியை வாடகைக்கு எடுத்தார். அந்த வாடகையையும் புதுப்பிக்கும் செலவிலேயே சேர்க்க வேண்டும் என்பது எங்கள் அனுபவம்.

வயதா, உடல்நிலையா?

2009 அக்டோபரில், தேசிய வாகனக் கொள்கை மறுஆய்வின் ஒரு பகுதியாக, 15 ஆண்டுகளைக் கடந்த வாகனங்கள் சாலை வரியைப் புதுப்பிக்கும்போது கட்டாயப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. ஏழைகளின் வண்டியைப் பறிக்கும் திட்டம் இது என்று எதிர்ப்பு கிளம்பவே, சில வாரங்களில் அது கைவிடப்பட்டது. பின்னர் 2026 வரவு செலவுத் திட்டத்தில், 20 ஆண்டைக் கடந்த வாகனத்தை ஒப்படைத்துப் புதிய உள்நாட்டுக் கார் வாங்குவதற்கு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. வசதி உள்ளவர்களுக்கு அது நல்ல வாய்ப்பு. ஆனால், கூண்டு நிறையப் பொருள் ஏற்றும் குத்தகைக்காரருக்குக் கார் எதற்கு?

வயதை மட்டும் வைத்து வண்டியைத் தண்டிப்பதை நான் எதிர்க்கிறேன். பரிசோதனையை எதிர்க்கவில்லை. இங்குதான் நம்மவர் பலரோடு நான் முரண்படுகிறேன். சரக்கு லோரிகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்கின்றன. எங்களுடையதைப் போல் தனியார் பெயரில் இருக்கும் வண்டிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லை என்பது நமக்குக் கிடைத்த சலுகை என்றே நாம் நினைக்கிறோம். அன்று பாலத்தடியில் நின்ற அந்த அம்மாவுக்கு அது சலுகையா? புஸ்பாகோமில் விருப்பப் பரிசோதனைக்கும் வழியுண்டு. ஒரு தீபாவளி உடைக்கு ஆகும் செலவைவிட அது அதிகமில்லை.

“சோறு போடுற வண்டிய டெஸ்டுக்கு அனுப்பி, அவன் ஓடக் கூடாதுன்னு சொல்லிட்டா?” என்று அப்பா கேட்டார். நியாயமான அச்சம்தான். ஏழையின் வண்டி தேர்ச்சி பெறாவிட்டால் அவனுக்குத் தவணை கொடுக்க வேண்டும். பிரேக், டயர் போன்ற உயிர்காக்கும் பாகங்களுக்கு உதவியும் கொடுக்க வேண்டும். புது வண்டி வாங்கத் தரும் ஊக்கத்தொகையில் ஒரு பகுதியைப் பழைய வண்டியின் பிரேக்குக்குத் தந்தால் என்ன?

எரிபொருள் கணக்கும் இதில் இருக்கிறது. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டாக உயர்ந்தது. மாதம் நூறு லிட்டர் அடிப்பவருக்கு ஒரே நாளில் 120 ரிங்கிட் கூடுதல் செலவு. தகுதி பெற்ற உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை வழங்கப்பட்டது உண்மையே. ஆயினும், உரசிக்கொண்டே ஓடும் பிரேக்கும் காற்றிறங்கிய டயரும் குடிக்கும் டீசலுக்கு எந்த உதவித்தொகையும் ஈடாகாது.

தமிழில் ஒரு குறிப்பேடு

இனி, நம் பேரவைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அப்பா தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை படித்தவர். சரளமாகப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே. வண்டியின் கையேடோ ஆங்கிலத்தில். போமன் மாமாவுக்கோ எல்லாம் கைவித்தை. எழுத்தில் எதுவும் இல்லை. இருவருக்கும் நடுவில், ஒரு பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் கோடு போட்டு, தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, அடுத்து எப்போது என்று தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. இன்று எஞ்சின் எண்ணெயை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது அப்பாதான், எழுதுவதும் அவர்தான். பிக்-அப்பை நம்பகமாக்கியதில் அந்தப் புத்தகத்துக்குப் பாதிப் பங்குண்டு.

பட்டிமன்றமும் கவியரங்கமும் நமக்கு வேண்டும். அவற்றோடு, நான்கு கேள்விகளையும் விளக்கும் பத்துப் பக்கத் தமிழ்க் கையேடு ஒன்றை நம்மால் எழுத முடியாதா? இன்னொன்றும் உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வழங்கப்படும் மலேசியத் திறன் சான்றிதழை, வகுப்புக்குப் போகாமல், முன்பெற்ற அனுபவத்தை நிரூபித்தும் பெறலாம். மாமாவைப் போன்றவர்கள் அதைப் பெறாததற்குத் திறமைக் குறைவு காரணமன்று. பாரங்களும் சான்றுக் கோப்பும் அவர்களை மிரட்டுகின்றன. அந்தக் கோப்பைத் தயாரித்துக் கொடுப்பது பல்கலைக்கழக மாணவருக்கு ஒரு வார இறுதி வேலை. நான் மாமாவுடையதைத் தொடங்கிவிட்டேன். பாதியில் நிற்கிறது, அடுத்த விடுமுறையில் முடிப்பேன்.

எங்கள் வண்டியின் கருநீல வர்ணம் இப்போதே கூரையில் வெளுத்துவிட்டது. மறுபடி அடிக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “மார்ச் மாசம் பிரேக் எண்ணெய் மாத்தணும். அத மொதல்ல பாப்போம்” என்றார்.