மூணு மணிக்கே விளக்கு!

மகளின் பிரசவத்துக்காகக் கம்பைநல்லூரிலிருந்து ஸ்டாக்ஹோம் போன அம்மாவை, டிசம்பர் தொடக்கத்தில் முதலில் குழப்பியது கடிகாரம். மதியம் 3 மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது! ஜன்னலுக்கு ஜன்னல் நட்சத்திர விளக்குகள். ''கார்த்திகை தீபம் மாதிரியே இருக்கு'' என்று சொல்ல வீடியோ கால் போட்டால், நாலரை மணி நேரம் முன்னால் இருக்கும் ஊரில் அப்பா படுக்கையை விரித்துக்கொண்டிருப்பார்.

சண்டை வந்தது பேரனால். கைக்குழந்தைகளைக் கம்பளியில் பொதிந்து, தள்ளுவண்டியோடு வெளிக்குளிரில் தூங்கவைப்பது அங்கே வழக்கம். மாப்பிள்ளையும் அதையே செய்ய, ''பச்சப்புள்ளைக்குச் சளி கட்டிக்கும்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லு'' என்று மகளிடம் பொரிந்தவர், அப்புறம் மூன்று நாள் பேசவே இல்லை.

நாலாம் நாள் ஸ்வெட்டர், ஷால், குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பேரன் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்கினான்.

விசா 90 நாள். இன்னும் 61 பாக்கி.