எச்சம் தெரிந்தால் ஆங்கிலம் எளிது

2004 டிசம்பர் 26-இல், சுனாமி வந்த நாளில், நிலம் தாழ்ந்தது. அந்தமானின் சிப்பிகாட்டில் வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. ஆங்கில வாக்கிய அமைப்பைப் பழக இந்த ஒரு நிகழ்வே போதும்.

'ஆஃப்டர் தி சுனாமி' என்பது வெறும் சொற்றொடர்; எழுவாயும் இல்லை, பயனிலையும் இல்லை. 'பிகாஸ் தி லேண்ட் சேங்க்' என்பதில் இரண்டும் உண்டு, பொருள்தான் முடியவில்லை. அது சார்புத் தொடர். 'தி சீ கவர்ட் தி ஃபீல்ட்ஸ்' தன் காலிலேயே நிற்கிறது. அது முதன்மைத் தொடர்.

தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதல்ல.

'நிலம் தாழ்ந்ததால்...' என்று நிறுத்தினால் கேட்பவர் காத்திருப்பார். எச்சம், முற்று என்று தொல்காப்பியமே பிரித்துப் பேசிய வேறுபாட்டின் சாயல்தான் இது. மாறுவது வரிசை. தமிழில் எச்சம் பெரும்பாலும் முன்னே வரும். ஆங்கிலத்தில் சார்புத் தொடர் முன்னும் வரலாம், பின்னும் வரலாம். முன்னே வந்தால் காற்புள்ளி வேண்டும். 'கடல் மூடிய வயல்' என்பது அங்கே 'தி ஃபீல்ட் தட் தி சீ கவர்ட்' என்று திரும்பி நிற்கும்.

வரையறைகளை மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்புகள் முதலில் இந்த எச்சத்தை நினைவூட்ட வேண்டும். பிறகு மாணவர்கள் தங்கள் ஊரைப் பற்றியே பத்து வாக்கியங்கள் எழுதி, ஒவ்வொன்றிலும் முற்றுக்கு அடிக்கோடு இடட்டும்.