வெயிலுக்கு ஒரு நோட்டு

மரக்காணம் வழியா இசிஆர்-ல போகும்போது உப்பளத்தை போட்டோ எடுக்காதவங்க நம்மில் குறைவு. அந்த வெள்ளை உப்பு வெயிலைத் திருப்பி முகத்தில் அடிக்கும். அதிலேயே நின்று உழைப்பவர்களுக்கு, வியர்வையில் உடம்பு வற்றி வற்றி, கடைசியில் அடிபடுவது சிறுநீரகம். ஆனா, 'வெயில் தாங்கலை'ன்னு சொன்னா யாரும் குறிச்சுக்க மாட்டாங்க.

தெற்கே கடலூர் சிப்காட்டைச் சுற்றியிருந்த ஊர்களிலும் இதே கதைதான். 2004-ல் சுற்றுச்சூழல் அமைப்பினர் அந்த ஊர் மக்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து, ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். வெறும் 'நாத்தம்' என்றிருந்த புகார், ரசாயனங்களின் பெயரும் அளவுமாகத் திரும்பி வந்தது.

மரக்காணத்துல அதை நாம செய்யலாமே? ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70%, கறுப்புக் கோளத்துக்குள் இருப்பதற்கு 20%, சாதாரண வெப்பமானிக்கு 10%. திறந்தவெளியில் உழைப்பவர் படும் வெப்பத்தைக் கணக்கிட உலகம் முழுக்க இந்தக் கூட்டல்தான். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இது போதாதா?

ஒரு விஷயம். கருவியை வெச்சுட்டு போட்டோ எடுத்துட்டு வந்துடக் கூடாது. அளக்கக் கத்துக்கொடுத்துட்டு வரணும். 'இந்த மணிக்கு மேல வேலை வேணாம்'னு கேட்கும்போது, அவங்க கையில் ஒரு நோட்டு இருக்கும்.