எதற்காகக் கலந்தார்கள்?

ராக், ராப், மின்னணு இசை ஆகியவற்றைச் சந்தைக்காகக் கலந்தவர்கள் என்று லிங்கின் பார்க் குழுவை ஒதுக்கிய விமர்சகர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. கலிஃபோர்னியாவில் உருவான இக்குழுவின் முதல் ஆல்பமான 'ஹைப்ரிட் தியரி' 2000 அக்டோபரில் வெளிவந்து, அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளைத் தாண்டியது. புதுமை மோகம் மட்டுமே இதற்குக் காரணமாகாது. மைக் ஷினோடாவின் ராப் துயரத்தை நிதானமாக விளக்க முயல்கிறது. விளக்கம் தோற்குமிடத்தில் செஸ்டர் பென்னிங்டனின் ஓலம் எழுகிறது. ஒரே மனத்தின் இரு குரல்கள் அவை.

பென்னிங்டன் 2017 ஜூலையில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் அந்த ஓலத்தை வெறும் உத்தி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024இல் எமிலி ஆம்ஸ்ட்ராங் பாட வந்தபோதும் குழு அந்த இரட்டைக்குரலைக் கைவிடவில்லை. எவற்றைக் கலந்தார்கள் என்பதோடு நம் கேள்வி நின்றுவிடலாகாது. எதற்காக என்றும் கேட்க வேண்டும்.