முள் சொன்ன பொய்

சமையற்கட்டுக்கும் மோட்டார் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சகோதரிகளே. ஒரு வாணலி வெந்நீரும் பாகு பதம் பார்க்கும் தெர்மாமீட்டரும் இல்லாமற் போயிருந்தால், மாமனார் ஆசையாக வைத்துவிட்டுப் போன எங்கள் அம்பாஸடர் இந்நேரம் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

அம்பாஸடர் நீங்கள் அறியாததல்ல. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரைத் தழுவி, வங்காளத்து உத்தர்பாராவில் செய்யப்பட்ட வண்டி. 2014-ல் உற்பத்தி நின்றுவிட்டது. எங்கள் வண்டியில் மாமனார் தம் கையாலேயே ஒரு டெம்பரேச்சர் மீட்டரை வாங்கிப் பொருத்தியிருந்தார். அதன் முள் ஒருநாள் அசையாமல் படுத்துக்கொண்டது. கடையில் புதிதாக ஒரு சென்ஸார் வாங்கி மாட்டினார்கள். மரை கச்சிதமாகப் பொருந்தியது. அன்று பிடித்தது வினை! மயிலாப்பூரில் கிளம்பினால் அடையாறு வருவதற்குள் முள் சிவப்புக் கோட்டில் போய் நிற்கும்.

ரேடியேட்டர் போச்சு என்றார் ஒருவர். எஞ்சினையே இறக்க வேண்டும் என்றார் இன்னொருவர். என்னவர் செலவுக் கணக்கைப் பார்த்துவிட்டு, "விற்றுவிடலாம்" என்றார். மாமியார் வாய் திறக்கவில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவும் இல்லை.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். முள் சிவப்பில் நிற்கிறதே தவிர, ஆவியும் இல்லை, சீறலும் இல்லை. பொங்காத பாலைப் பொங்கிவிட்டது என்றால் நம்ப முடியுமா?

பேட்டை மெக்கானிக் ஒருவர் விஷயத்தை விளக்கினார். சென்ஸாரின் மூக்கு எஞ்சின் தண்ணீரில் தோய்ந்திருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும், மின்சாரம் கூடுதலாகப் பாயும், முள் ஏறும். எந்தச் சூட்டுக்கு எத்தனை ஓம் என்பது மீட்டருக்கு மீட்டர் வேறு. "ஜோடி மாறினா முள்ளு பொய் சொல்லும்மா" என்றார். மரை பொருந்தினால் போதாது, ஜாதகமும் பொருந்த வேண்டும்!

சோதித்துப் பார்த்தோம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு சென்ஸாரைக் கழற்றினோம். அதன் உடம்பிலிருந்து ஒரு கம்பியை வண்டியின் இரும்புக்கும், தலையிலிருந்து இன்னொன்றை மீட்டர் கம்பிக்கும் கொடுத்து, மூக்கை மட்டும் வெந்நீரில் தொங்கவிட்டோம். தெர்மாமீட்டர் 80 டிகிரி காட்டியது. மீட்டரோ 105 என்றது! என்னவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். மாமியார் எழுந்து போய் எல்லோருக்கும் காப்பி கலந்து கொண்டுவந்தார்.

மீட்டரின் முதுகிலிருந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அதற்கேற்ற சென்ஸாரைத் தேடிப் பிடிக்க மூன்று வாரம் ஆயிற்று. மாட்டும்போது நான் ஒரு சாமர்த்தியம் செய்தேன். குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை மரையில் தாராளமாகச் சுற்றிக் கொடுத்தேன். முள் அசையவே மறுத்தது! சென்ஸாருக்கு எர்த் கிடைப்பது அந்த மரை வழியாகத்தானாம். டேப்பை உரித்ததும் முள் உயிர் பெற்றது. இதை என் பிள்ளை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

முள் இப்போது 90 காட்டியது. நிஜமான 90. "இன்னும் கொஞ்சம் குறையணும்" என்று மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். காலையில் வண்டி கிளம்ப அடம்பிடிப்பதற்கும் காரணம் அங்கேதான் இருந்தது. உள்ளே 'பாயிண்ட்' என்று இரண்டு உலோகப் பொட்டுகள் சேர்ந்து சேர்ந்து பிரியும். பிரிகிற ஒவ்வொரு தடவையும் காயிலில் உயர்ந்த மின்னழுத்தம் பிறந்து பிளக்கில் பொறி பறக்கும். 1910-ஐ ஒட்டி அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் கண்ட ஏற்பாடு இது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 பொறி வேண்டும். பொட்டுகள் கருகாமல் என்ன செய்யும்? அவற்றுக்கிடையே இருக்க வேண்டிய 0.015 அங்குல இடைவெளி எங்கள் வண்டியில் பாதிகூட இல்லை. அதனால் பொறி தாமதமாகப் பிறந்து, எரிபொருள் நேரங்கழித்து எரிந்து, அந்தச் சூடு தண்ணீரில் ஏறியிருக்கிறது.

பாயிண்ட்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைக்கலாம் என்றார். தண்டில் ஒரு காந்த வளையம், பக்கத்தில் அதன் அசைவை உணர்கிற சிறு பெட்டி, இரண்டு கம்பிகள். அவ்வளவுதான். தேய்வதற்கு அதில் பொட்டு இல்லை. சிவப்புக் கம்பி காயிலின் பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு. மாற்றிக் கொடுத்தால் பெட்டி போயே போயிற்று! காயிலின் ஓம் அந்தப் பெட்டிக்கு ஒத்துவருமா என்றும் முதலிலேயே அளந்து பார்த்தார். எஞ்சின் ஓடாமல் சாவியை 'ஆன்' நிலையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்று என்னவருக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை.

"அவர் வைத்ததை எல்லாம் கழற்றிவிடுவீர்களா?" என்றார் மாமியார். அவர் குரல் அப்போதுதான் வெளியே வந்தது. கழற்றிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் சுத்தம் செய்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்தோம். நடுவழியில் புதுப்பெட்டி மக்கர் செய்தால் அரைமணியில் பழையதையே மாட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். டப்பாவின் மேல் மாமனார் பெயரை எழுதி வைத்தவர் மாமியார்.

ஒன்று மட்டும் மறக்காமல் உங்கள் வீட்டு ஆண்களிடம் சொல்லுங்கள். முள் சிவப்புக்குப் போனால், பொய்யோ மெய்யோ, வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. குக்கர் மாதிரிதான் அதுவும். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி திறந்த மறுகணம் முகத்தில் பாயும்.

டைமிங்கை விளக்குப் பிடித்துச் சரிசெய்த பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போய்வந்தோம். போகவும் வரவும் முள் 82-ஐ விட்டு நகரவில்லை. எப்படித் தெரியும் என்கிறீர்களா? முன் சீட்டில் உட்கார்ந்த மாமியார் வழி நெடுகச் சாலையைப் பார்க்கவே இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம், "எண்பத்திரண்டு" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.