காது போனது குடியாலா, தறியாலா?

தறி ஷெட்டில் இருபது வருஷம் நின்ற தொழிலாளிக்குக் காது மந்தமாகிறது. கூடவே ஈரலும் கெட்டு, வயிற்றில் நீர் கோத்து, மகோதரம் என்று ஆஸ்பத்திரியில் படுக்கிறார். காதுக்கு நஷ்டஈடு கேட்டால் நிர்வாகம் என்ன சொல்லும்? "குடிகாரனுக்குக் காது போகாமல் என்ன செய்யும்?" என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடும். சக தொழிலாளிகளிலும் சிலர் தலையாட்டுவார்கள். இது நியாயமா?

குடிக்குப் பங்கு உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வருஷக்கணக்கான குடி ஈரலை மட்டும் தின்பதில்லை. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புப் பாதையையும் தாக்குகிறது. ஈரல் சுருங்கிவிட்டால், அது அகற்ற வேண்டிய அம்மோனியா முதலிய நஞ்சுகள் ரத்தத்தில் தங்கி மூளைக்கு ஏறும். அப்போது ஆள் கூப்பிட்டால் திரும்பமாட்டார். பேச்சு குழறும். நீட்டிய கை படபடக்கும். பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார். "செவிடாகிவிட்டான்", "மறுபடி குடித்துவிட்டான்" என்று திண்ணையில் ஒதுக்கிவிடாதீர்கள். அது ஈரல் நோயின் அபாயக் கட்டம். அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் பிழைக்க வழி உண்டு.

மருந்துக்கும் பங்கு உண்டு. மகோதர நீரை இறக்கும் ஃப்யூரோசமைடை அதிக அளவில், வேகமாக ரத்தத்தில் ஏற்றினால் காது கெடலாம். ஜென்டாமைசின், அமிகாசின் ஊசிகளும் அப்படியே. ஈரல் மயக்கத்துக்கு வெகுகாலம் கொடுத்துவந்த நியோமைசினும் காதைக் கெடுக்கக்கூடியதுதான். இன்று அதற்கு லாக்டுலோஸும் ரிஃபாக்சிமினும் இருக்கின்றன. வைத்தியத்தின்போது காதில் இரைச்சலோ மந்தமோ கண்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சரி, தறிக்குப் பங்கு இல்லையா? எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று நம் தொழிற்சாலை விதிகள் வகுத்தன. தறி ஷெட்டுகளில் அதைத் தாண்டுவது சர்வசாதாரணம். அந்த இரைச்சலில் உட்காதின் நுண்ணிய மயிர் உயிரணுக்கள் சாகின்றன. செத்தவை மறுபடி முளைப்பதில்லை. இரைச்சலில் அடிபட்ட காதைச் சோதித்தால், பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் தெரியும். அந்தப் பள்ளம் தெரிந்த பிறகும் குடியை மட்டும் காட்டித் தப்ப முடியுமா? 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய் அட்டவணையில் இரைச்சல் செவிடு இடம்பெற்றிருந்தது. 2020-ஆம் வருஷத்துச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் வேலையில் சேரும்போதே காதைச் சோதித்து எழுதி வைத்தால்தானே பின்னால் வழக்காட முடியும்?

கதிரடிக்கும் யந்திரத்தோடும் டிராக்டரோடும் மல்லாடும் விவசாயத் தொழிலாளிக்கோ அந்தச் சோதனையின் பெயர்கூடத் தெரியாது.

இன்னொரு கேள்வி. சாராயத்தை விற்பது யார்? 1937-ல் சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு 1971-ல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் சில்லறை மதுக்கடையைச் சர்க்கார் நிறுவனமான டாஸ்மாக்கே நடத்துகிறது. 2023-24-ல் மட்டும் அதன்மூலம் கஜானாவுக்கு வந்தது 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். குடிக்க வைத்து வசூலித்தவர்களும், இரைச்சலில் நிறுத்தி லாபம் கண்டவர்களும் சேர்ந்து தொழிலாளியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா?

நம் கோரிக்கைகள் எளியவை. வேலையில் சேரும்போதும், பிறகு வருஷந்தோறும் காது சோதனை. அறிக்கையின் நகல் தொழிலாளி கையில். ஷெட்டில் இரைச்சலைக் குறைக்க ஏற்பாடு; அதுவரை காதுக் கவசம். ஈரல் நோயாளிக்கு வைத்தியத்தோடு காது சோதனையும். தாலுகா ஆஸ்பத்திரிதோறும் குடியை நிறுத்த வைத்தியம்.

தோழர்களே, குடியை விடுங்கள். வெகுகாலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டரைக் கலந்துகொண்டு விடுங்கள். ஆனால் குடித்தவன் என்பதற்காக ஒருவனுடைய நஷ்டஈட்டைப் பறிக்க விடாதீர்கள். காது கேளாதவனுக்காகக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.